சாரத்திலிருந்து விழுந்தால் யாரிடம் இழப்பீடு கேட்பது?

மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவருபவர் பெரும்பாலும் மேஸ்திரிதான். அவசரப் பிரிவில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்கும்போது பதில் சொல்பவரும் அவரே. "வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்துட்டாரு" என்று அவர் சொல்லிவிட்டால், ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் அதுதான் ஏறும். பில்டர் பெயர் வெளியே வராது, போலீஸ் வராது, வேலை நிற்காது. அப்போது எல்லாருக்கும் அது சௌகரியமாகவே தோன்றும். இரண்டு வருடம் கழித்து இழப்பீட்டு வழக்கு விசாரணைக்கு வரும்போது இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் நீட்டும் காகிதம் அந்த ரெஜிஸ்டரின் நகல்தான்.

கட்டட வேலை விபத்து வழக்குகளில் சட்டம் தொழிலாளிக்கு எதிராக இல்லை. சொல்லப்போனால் அவர் பக்கம் நன்றாகவே சாய்ந்து நிற்கிறது. முதலாளி மீது தவறு இருப்பதாக நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் காயம்பட்டது என்று காட்டினால் போதும். வழக்குகள் தோற்பது வேறு இரண்டு இடங்களில்: அந்த ஆள் அங்கே வேலை செய்தார் என்பதற்குத் துண்டுச் சீட்டுகூட இல்லாதபோது, கேட்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் கேட்கும்போது.

ஆகவே ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே உறவினர் ஒருவர் கூட நின்று, "இன்ன ஊரில், இன்னார் கட்டும் கட்டடத்தில் வேலை செய்யும்போது சாரம் சரிந்து விழுந்தார்" என்று இடம், நேரத்தோடு எழுதச் சொல்ல வேண்டும். முதலில் தவறாக எழுதப்பட்டிருந்தால், காயம்பட்டவருக்கு நினைவு தெளிந்ததும் போலீசில் புகார் கொடுத்து வாக்குமூலத்தில் சரியான விவரத்தைப் பதிவு செய்யலாம். எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டால் இழப்பீடு கிடையாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, அவ்வளவுதான்.

எந்தக் கதவு

இழப்பீடு கேட்க முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. ஒன்றில் நுழைந்தால் மற்றொன்று அடைபடும் என்பதால் எதில் போவது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. கட்டுமானத் தளத் தொழிலாளர்களுக்கு 2015 ஆகஸ்ட் 1 முதல் ஈ.எஸ்.ஐ. பொருந்துகிறது. சம்பள வரம்பு மாதம் ரூ.21,000. ஒருவர் ஈ.எஸ்.ஐ.யில் காப்பீடு பெற்றவர் என்றால் அதே காயத்துக்காக முதலாளி மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது, ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு தடுக்கிறது. அதற்குப் பதிலாக, வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு ஊதியத்தில் 90 சதவீத அளவில் உதவித்தொகையும், நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு நிர்ணயிக்கும் விகிதப்படி மாதாமாதம் பணமும் கிடைக்கும். வேலை விபத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த அன்றே விழுந்தாலும் உரிமை உண்டு. பெரிய கம்பெனிகளின் அடுக்குமாடித் தளங்களில் வேலை செய்பவர்கள், தங்கள் பெயரில் ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேட்காமலேயே வேறு வழக்குப் போட்டு மாட்டிக்கொள்வது உண்டு.

இரண்டாவது வழி 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். மனுவை விசாரிப்பவர் இழப்பீட்டு ஆணையர். சட்டத்தின் பழைய பெயரான 'வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்' என்பதைச் சுருக்கி, கோர்ட் வட்டாரத்தில் இன்னும் 'டபிள்யூ.சி. கேஸ்' என்றுதான் பேச்சு. மேஸ்திரிகளின் கீழ் வேலை செய்யும் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், பெயிண்டர் ஆகியோரில் பெரும்பாலோர் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பதால், நடைமுறையில் இதுதான் அவர்களுக்கான பாதை. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்ததும் இந்தச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் அதன் அத்தியாயங்களாகிவிட்டன. அதற்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டம், பின் நடந்ததற்குப் புதியது. கணக்கின் அடிப்படையும் உரிமைகளும் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. பிரிவு எண்கள் மாறிவிட்டன. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் வேலை விபத்தே என்று புதிய சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. லோடு ஆட்டோவில் ஆட்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போகும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. இந்த இரண்டு சட்டங்களுக்கும் இங்கே தரும் பிரிவு எண்கள் பழைய எண்கள்.

மூன்றாவது வழி மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். பின்னால் வந்த டிப்பர் இடித்தது, கான்கிரீட் மிக்ஸர் லாரி ஏறியது, ஜே.சி.பி.யின் கை தட்டியது என்றால், இழப்பீட்டு ஆணையரிடமும் போகலாம், தீர்ப்பாயத்துக்கும் போகலாம். இரண்டில் ஒன்றுதான், மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. தீர்ப்பாயத்தில் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, எதிர்கால வருமான உயர்வையும் வலி வேதனையையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதால் தொகை பொதுவாக அதிகம். ஆனால் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். விபத்து நடந்தது பொது இடமல்ல, சுற்றுச்சுவருக்குள் இருக்கும் தனியார் தளம் என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதிடும். மனுப்போடக் கெடு 6 மாதம். கால் உடைந்து கட்டிலில் கிடக்கும்போது 6 மாதம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கும் உரிமையும் இருக்கிறது. கோர்ட் கட்டணம், கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை, வருடக்கணக்கான இழுத்தடிப்பு இவற்றைப் பார்த்தால் கூலித் தொழிலாளிக்கு அதைப் பரிந்துரைப்பது கடினம். ஆணையரிடம் மனுப் போட்டுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இவற்றோடு மோதாத உதவிகளும் உண்டு. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் விபத்து உதவி ஒன்று. பணியிடத்தில் விபத்தில் இறந்தவர் வாரியத்தில் பதிவு செய்யாதவராக இருந்தாலும் குடும்பம் கேட்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து வருடம் ரூ.20 பிடித்தம் ஆகும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் ரூ.2 லட்சம் கிடைக்கும். பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் வரி இருக்கிறதா என்று பார்க்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய. வாரியப் பணம் வாங்கிவிட்டாயே, இனி என்ன இழப்பீடு என்று கான்ட்ராக்டர் தரப்பு சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

முதலாளி யார்

கட்டட வேலையில் இதுதான் சிக்கலான கேள்வி. பில்டர் கான்ட்ராக்டருக்குக் கொடுத்திருப்பார். அவர் சென்ட்ரிங்கை ஒருவருக்கும் பூச்சை இன்னொருவருக்கும் விட்டிருப்பார். கூலி கொடுப்பது மேஸ்திரி. அந்த மேஸ்திரிக்குச் சொத்து என்று இருப்பது ஒரு பழைய டூவீலராக இருக்கும்.

ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்காகவே வந்தது. தன் தொழிலின் பகுதியான வேலையைக் கான்ட்ராக்டில் விட்டவர், அந்த ஆளைத் தானே வேலைக்கு வைத்தது போலவே பொறுப்பாளி. அவர் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அது அவர்களுக்குள்ளான கணக்கு. எனவே மனுவில் மேஸ்திரி, கான்ட்ராக்டர், பில்டர், பாலிசி இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி என எல்லாரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

ஒரு நுணுக்கம் இங்கே பலருக்குத் தெரிவதில்லை. 'தன் தொழிலின் பகுதியான வேலை' என்பது நிபந்தனை. சொந்த வீடு கட்டும் ஆசிரியரோ பலசரக்குக் கடைக்காரரோ ஒரு கான்ட்ராக்டரிடம் மொத்தமாக விட்டிருந்தால், கட்டடம் கட்டுவது அவர் தொழில் அல்ல என்பதால் இந்தப் பிரிவில் அவரைப் பிடிப்பது கஷ்டம். அங்கே கான்ட்ராக்டரே இலக்கு. அதே வீட்டுக்காரர் ஆட்களைத் தானே கூப்பிட்டு நாள் கூலி கொடுத்து வேலை வாங்கினால் கதை வேறு. தற்காலிக ஆள் என்ற விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. மேஸ்திரியே அடிபட்டால் இன்னொரு தகராறு வரும்: "இவர் தொழிலாளி இல்லை, இவரே ஒரு கான்ட்ராக்டர்" என்பார்கள். அவரும் கரண்டி பிடித்துக் கூலிக்கு வேலை செய்தவர்தான் என்று உடன் வேலை செய்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

வேலை செய்ததற்கு ஆதாரம் என்றால் சம்பளச் சீட்டைத் தேட வேண்டாம், அது இருக்காது. சனிக்கிழமைதோறும் மேஸ்திரி ஜிபேயில் போட்ட கூலி, "நாளைக்கு ஏழு மணிக்கு சைட்டுக்கு வந்துடு" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவு, பின்னால் பில்டரின் பெயர்ப்பலகை தெரியும் செல்ஃபி, கேட் பாஸ், ஹெல்மெட் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிய பதிவேடு எல்லாமே சாட்சியம். அடிபட்டவரின் போன் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது ஆஸ்பத்திரி பில்லைப் பத்திரப்படுத்துவதைவிட முக்கியம் என்றுகூடச் சொல்லலாம்.

பாலிசியையும் விசாரிக்க வேண்டும். அரசு வேலை எடுத்த கான்ட்ராக்டர்கள் டெண்டர் நிபந்தனைக்காகவாவது தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்திருப்பார்கள். அதில் எத்தனை ஆட்கள், எந்தத் தளம், என்ன சம்பளம் என்று குறிப்பிட்டிருப்பார்கள். 10 பேருக்கு எடுத்துவிட்டு 25 பேரை வேலை வாங்குவது சாதாரணம். விபத்துக்குப் பிறகு, அடிபட்டவர் அந்தப் பத்துக்குள் இல்லை என்று இன்சூரன்ஸ் தரப்பு நழுவப் பார்க்கும். பாலிசி பொருந்தாவிட்டாலும் முதலாளியின் பொறுப்பு போகாது.

"பெல்ட் கொடுத்தோம், அவர்தான் மாட்டவில்லை", "குடித்திருந்தார்" என்பவை வழக்கமான எதிர்வாதங்கள். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் இந்த வாதங்களுக்கு இடமே இல்லை என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. மற்றக் காயங்களில்கூட, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், அல்லது அந்தக் குடிபோதையே நேரடிக் காரணம் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். பெல்ட் கொடுத்தார்கள் சரி, அதன் கொக்கியை மாட்ட லைஃப்லைன் கயிறு கட்டியிருந்தார்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. மாட்ட இடமில்லாத பெல்ட் இடுப்பில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கணக்கு

மாதச் சம்பளம், வயது, வருமானம் ஈட்டும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று: இந்த மூன்றும்தான் தொகையைத் தீர்மானிக்கும். மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதம். பகுதி ஊனம் என்றால் அந்த 60 சதவீதக் கணக்கில் வரும் தொகையில், இழந்த திறனின் விகிதம். காரணி சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருக்கிறது: 20 வயதுக்கு 224.00, 30க்கு 207.98, 40க்கு 184.17, 50க்கு 153.09. வயது கூடினால் தொகை குறையும். ஆதாரில் குத்துமதிப்பாக ஜனவரி 1 என்று போட்ட பிறந்த தேதி நிஜ வயதைவிடக் கூடுதலாக இருந்தால், அதற்கும் விலை கொடுக்க வேண்டிவரும். பள்ளிச் சான்று இருந்தால் தேடி எடுப்பது நல்லது.

சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி 3 முதல் அது ரூ.15,000, அதற்கு முன் ரூ.8,000. 30 வயதுக் கொத்தனாருக்கு நாள் கூலி ரூ.900 என்று வையுங்கள். 26 நாளுக்கு ரூ.23,400 வந்தாலும் கணக்கில் எடுப்பது 15,000தான். அதில் 60 சதவீதம் 9,000. காரணியால் பெருக்கினால் ரூ.18,71,820. இது முழு ஊனத்துக்கு. திறன் இழப்பு 40 சதவீதம் என்றால் ரூ.7,48,728. மரணம் என்றால் குடும்பத்துக்கு ரூ.15,59,850.

நாள் கூலி 577 ரூபாயைத் தாண்டியவருக்கு 26 நாள் கணக்கிலேயே உச்சவரம்பு எட்டிவிடும். அவர் சம்பள ஆதாரத்துக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் நஷ்டப்படுவது சித்தாள்தான். கூலி 500 ரூபாய் என்றால் மாதம் 13,000. ஆதாரம் இல்லையென்று ஆணையர் அதைவிடக் குறைத்து எடுத்தால் அந்தப் பெண்ணுக்கு லட்சக்கணக்கில் இழப்பு. அவருக்கு உடன் வேலை செய்தவரின் சாட்சியமும், கட்டுமான வேலைக்கான குறைந்தபட்சக் கூலி அரசாணையும் கட்டாயம் வேண்டும்.

நிரந்தர ஊனம் இல்லாமல் சில மாதம் படுத்திருந்தவருக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் 25 சதவீதம், அதாவது உச்சவரம்புச் சம்பளத்துக்கு ரூ.3,750, அதிகபட்சம் 5 வருடம். முதல் 3 நாளுக்குக் கிடையாது. ஓய்வு 28 நாளோ அதற்கு மேலோ போனால் முதல் நாளிலிருந்தே உண்டு. சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவை முதலாளி தனியாகத் திருப்பித் தர வேண்டும். "ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு லட்சம் கட்டினேனே" என்று சொல்லி அதை இழப்பீட்டில் கழிக்க அவருக்கு உரிமை இல்லை. பில்கள் அசலாக இருக்கட்டும்.

டாக்டர் சான்று

முதல் அட்டவணையில் சில காயங்களுக்கு விகிதம் அச்சிலேயே இருக்கிறது: கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50, மற்றக் கண் நன்றாயிருக்க ஒரு கண் போனால் 40. கம்பி வெட்டும் மெஷினில் விரல் போனவருக்கு இது போதும். ஆனால் உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு அடிக்கடி நேர்வது வேறு: காலில் இறங்கினால் குதிகால் எலும்பு நொறுங்கும், அதே வேகத்தில் இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பு நசுங்கும். இவை அட்டவணையில் இல்லை. அப்போது தகுதிபெற்ற மருத்துவர் திறன் இழப்பை மதிப்பிட வேண்டும்.

இங்கேதான் வழக்கு ஜெயிப்பதும் சறுக்குவதும். 'நிரந்தர ஊனம் 30 சதவீதம்' என்று மட்டும் எழுதிய சான்று உடம்பின் கணக்கு. சட்டம் கேட்பது பிழைப்பின் கணக்கு. குதிகால் மடங்காத கணக்குப்பிள்ளை மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். அதே காலோடு கொத்தனார் ஏணி ஏற முடியாது, குத்துக்காலிட்டுத் தரை போட முடியாது, சிமெண்ட் மூட்டை தூக்க முடியாது. இந்த வேலைகளின் பெயரைச் சொல்லியே சான்று எழுதப்பட வேண்டும். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சருக்கு 100 சதவீத இழப்பு என்று ஆணையர் முடிவு செய்தார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதே காரணம். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இன்றும் கட்டடத் தொழிலாளர் வழக்குகளில் முதலில் மேற்கோள் காட்டப்படுவது இந்தத் தீர்ப்புதான்.

சான்று கொடுத்த மருத்துவர் சாட்சிக் கூண்டுக்கும் வர வேண்டியிருக்கும். சிகிச்சை அளிக்காதவர் ஒரே நாள் பார்த்துவிட்டுக் கொடுத்த சான்றை எதிர்த்தரப்பு கிழித்துவிடும். மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கும். பிளேட் வைத்த எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ரிவியூ சீட்டுகள் எல்லாம் தேதி வரிசையில் இருந்தால் அது பெரிய பலம்.

மனு, சமரசம், வசூல்

தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் நிலையிலுள்ள அதிகாரியே இழப்பீட்டு ஆணையராக உட்காருகிறார். விபத்திலிருந்து, அல்லது மரணத்திலிருந்து, 2 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும்; தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. அதற்கு முன்பே முதலாளிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுப்பது முறை. கொடுக்காவிட்டாலும், விபத்து அவருக்கு வேறு வழியில் தெரிந்திருந்தால் மனு தள்ளுபடி ஆகாது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, மனுதாரர் வசிக்கும் ஊரிலும் போடலாம். சென்னையில் விழுந்த விழுப்புரத்துக்காரரும், கோவையில் இறந்த பீகார்க்காரரின் மனைவியும் தங்கள் பகுதி ஆணையரையே அணுகலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

பஞ்சாயத்துப் பேசி, பத்து ரூபாய்ப் பத்திரத்தில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கைநாட்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் 17ஆம் பிரிவின்படி செல்லாது. மரண இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுப்பதே சட்டப்படி இழப்பீடாகாது. ஆணையரிடம் டெபாசிட் செய்ய வேண்டும், அவர் மனைவி, குழந்தைகள், தாய் எனப் பிரித்துக் கொடுப்பார். இறந்தவருடைய மூன்று மாதச் சம்பளம் வரை மட்டும் முன்பணமாகத் தர அனுமதி உண்டு. உயிரோடிருப்பவர் சமரசம் செய்துகொண்டால் அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று தோன்றினால் அவர் பதிய மறுக்கலாம்.

ஒரு மாதத்துக்குள் தராத இழப்பீட்டுக்கு 12 சதவீதத் தனி வட்டி உண்டு. மேலே சொன்ன ரூ.7,48,728க்கு வருடம் ஏறக்குறைய ரூ.89,847, மூன்று வருடம் இழுத்தால் ரூ.2,69,542. வட்டி ஓடுவது தீர்ப்பு நாளிலிருந்து அல்ல, விபத்து நாளிலிருந்து என்று உச்ச நீதிமன்றம் 2012இலும் உறுதிப்படுத்தியது. நியாயமான காரணமின்றித் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். அபராதம் முதலாளியின் சொந்தப் பையிலிருந்து போக வேண்டும் என்பது 1997 தீர்ப்பு. மனுவில் அபராதத்தைத் தனியாகக் கேட்காமல் விடும் வக்கீல்கள் உண்டு. கேட்டால்தான் முதலாளிக்கு நோட்டீஸ் போய் விளக்கம் கேட்கப்படும்.

ஆணையரின் தீர்ப்பை எதிர்த்து 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போகலாம், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டும். முதலாளி அப்பீல் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டியாக வேண்டும். அப்பீலும் போகாமல் பணமும் கட்டாமல் இருப்பவரிடமிருந்து நிலவரி பாக்கி போல வசூலிக்க ஆணையர் கலெக்டருக்கு எழுதுவார். அந்தக் கோப்பு தாலுகா ஆபீசில் நகர வேண்டுமானால் எதிர்மனுதாரரின் சொத்து எங்கே, எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்ற விவரத்தை மனுதாரரே தேடிக் கொடுக்க வேண்டியிருக்கும். கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் பில்டருக்கு இன்னும் விற்காத ஃபிளாட் ஒன்று இருந்தால், வில்லங்கச் சான்று போட்டு முதலில் அதைக் காட்டுவார்கள்.